முதல் கூடை

ஏலம் கூற மீனைத் தூக்கிய ஜெசிந்தா வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். மீன் சுட்டது. அப்போதுதான் கரைக்கு வந்த வலை. புருஷன் சூசையின் உடம்பில் இன்னும் ஈரம் காயவில்லை. வாங்க வருகிறவர்கள் முதலில் செவுளைத்தான் பார்ப்பார்கள் என்று விரித்துப் பார்த்தாள். சிவப்பே இல்லை. குழம்பில் கிடக்கிற மீனைப்போலக் கண்கள் வெள்ளை வெளேரென்று புடைத்திருந்தன. விரல் பட்ட இடத்தில் சதை முள்ளைவிட்டுக் கழன்றது.

"எங்க போட்டீங்க வலைய?"

சூசை, புதிய மின் நிலையத்தின் குழாய் கடலில் இறங்குகிற பக்கம் கையை நீட்டினான். அங்கே தண்ணீரில் ஆவி பறந்தது.

கூடையைத் தலையில் ஏற்றி, மின் நிலையத்தைப் பார்த்து நடந்தாள் ஜெசிந்தா. மற்ற பெண்களும் தங்கள் கூடைகளோடு பின்னால் வந்தார்கள். கொடியும் கோஷமும் சங்கமும் பிற்பாடு வந்தவை. அன்றைக்குக் கூடைகள் மட்டும்தான்.

மின் நிலைய வாசலில் காவலாளி மறித்து, கூடையை மூடியிருந்த துணியை விலக்கினான். பசி வேளை. வாசனையில் அவன் முகம் மலர்ந்தது.

"யாருக்கும்மா சாப்பாடு? பதமா வெந்திருக்கே!"

ஜெசிந்தா கூடையை இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே," என்றாள், "நாங்க யாரும் இன்னும் அடுப்பே பத்தவைக்கலியே."