சுண்ணாம்பு தொடாத வீடு

மலைச்சரிவில் இருந்த அந்த ஊரில், திருவிழாவுக்கு முன்னால் பெண்கள் கூடித் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாவு விழுந்த வீட்டை மட்டும் ஒரு வருஷம் தொடமாட்டார்கள். அங்கே அடுப்பும் எரியாது. உயிரோடு மிச்சமிருப்பவருக்கு அக்கம்பக்கத்தார் சூப் கொண்டுவருவார்கள்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த ஹிலாரியோவும் மனைவி எங்கிராசியாவும் மதியப் பேருந்தில் திரும்பியபோது தெருவின் வெள்ளை கண்ணைப் பறித்தது. அவர்கள் வீடு மட்டும் போன வருஷத்து அழுக்கோடு நின்றது. படம் பிடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பிடித்தார்கள்.

எதிர்வீட்டுக் கசில்டா ஏணிமேல் நின்றாள்.

"ஏம்மா, என் வீடு என்ன பாவம் பண்ணுச்சு? சுண்ணாம்பு தீந்துபோச்சா?" என்று கத்தினார் ஹிலாரியோ.

"துக்க வீட்டுல எப்படிண்ணே அடிக்கிறது?"

"யாருக்கும்மா துக்கம்? நாங்கதான் ரெண்டு குத்துக்கல்லு மாதிரி நிக்கிறோமே!"

கசில்டா நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"வெயில் அவ மண்டைக்கு ஏறிடுச்சு. நான் அடுப்பை மூட்டுறேன், புகையைப் பாத்தா புத்தி வரும்" என்றாள் எங்கிராசியா.

தீக்குச்சியைக் கிழிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. கசில்டா ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சூப்பையும் ஒரு கரண்டியையும் மேசைமேல் வைத்தாள்.

"ஒரு ஆளுக்குத்தான் வச்சேன். அது போதும்ல?"

அவள் போனபின் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நீ குடி" என்று ஹிலாரியோ கிண்ணத்தைத் தள்ளினார்.

"நீங்க குடிங்க" என்று எங்கிராசியா திருப்பித் தள்ளினாள்.

சூப் ஆறி ஆடை படியும்வரை கிண்ணம் மேசையின் குறுக்கே போய்வந்துகொண்டிருந்தது.