நீர்நாய் சொன்ன பதில்

ஆற்றங்கரைக் கல்லூரிக்கும் மலையடிக் கல்லூரிக்கும் கால்பந்து என்று வந்துவிட்டால் ஏழாம் பொருத்தம். பதினோரு வருடமாகத் தோற்றுவந்த ஆற்றங்கரைக்கு இந்த முறை நீர்நாய்தான் கோல்கீப்பர். நடுவர் கிழட்டு ஆமை.

ஆற்றங்கரை ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மலையடியின் முயல் ஓங்கி உதைத்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது. நீர்நாய் பாய்ந்து அதை வெளியே இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

"கோல்!" என்றது ஒரு கூட்டம். "இல்லவே இல்லை!" என்றது மற்றது. ஆமை மூச்சுவாங்க வந்து சேர்ந்தது.

"என் கண்ணுக்கு எட்டலைப்பா. நீ பொய் சொல்ல மாட்டே. பந்து தாண்டிச்சா?"

நீர்நாய் தன் கூட்டத்தைப் பார்த்தது.

"தாண்டலை ஐயா."

ஆமை விசிலை ஊதிக் கோல் இல்லை என்றது. "விலைபோன நடுவர்!" என்று மலையடிக் கூட்டம் கல்லெறிந்ததில் அதன் ஓடு பிளந்தது.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடத்தான் நீர்நாய் போனது. சேற்றோரம் கிடந்த ஆமை தலையைக்கூட நீட்டாமல் பேசியது.

"வந்தியாப்பா? காலையிலே முயல் வந்து, பந்து உள்ளே விழுந்துச்சுன்னு அழுதுச்சு. ‘கோல்கீப்பரே சொல்லிட்டான், நீதான் புளுகுறே’ன்னு திட்டி விரட்டிட்டேன்."

நீர்நாய் திறந்த வாயை மூடிக்கொண்டது. வந்த வழியே திரும்பியது. ஆற்றங்கரையில் அதைத் தோளில் தூக்கிக் கொண்டாட ஒரு கூட்டமே காத்திருந்தது.