கட்டைவிரலின் இன்னொரு பெயர்

அவள் கும்பிட்டுவிட்டாள்.

கையிலிருந்த மஞ்சள் கொடியை அக்குளில் இடுக்கி, கண்ணை மூடி, நெஞ்சுக்கு நேரே இரண்டு கையும் கூப்பி, முழுக் கும்பிடு.

மதியம் இரண்டரை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைச் சாலை தாண்டிவிடும் முறை இன்று அவளுடையது. இந்த ஜப்பானிய ஊரில் தாய்மார்கள் மாறி மாறிப் பார்க்கிற வேலை.

கறுப்பு வண்டி ஒன்று முக்கில் திரும்பியது. அதன்மேல் செதுக்கு வேலை செய்த தங்கக் கூரை. ஊரில் சப்பரம் இவ்வளவு மெதுவாகத்தான் திரும்பும்.

வேறு நாளாக இருந்தால் வேடிக்கை பார்த்திருப்பாள். இன்று திருநெல்வேலியில் அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரமாயிற்று. எந்த ஊர்ச் சாமியாக இருந்தால் என்ன?

அம்மாவை நல்லபடியா வெளிய கொண்டாந்துரு, என்று அந்த வண்டியிடம் கேட்டாள்.

பிள்ளைகள் அலறினார்கள்.

"ஓயாயுபி! ஓயாயுபி!"

கண்ணைத் திறந்தாள். ஐந்து பிள்ளைகளும் கைகளை இறுக மூடி நின்றார்கள். கட்டைவிரல் உள்ளே. மற்ற நான்கும் அதன்மேல்.

இந்த ஊர்ப் புத்தரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டாம் வகுப்புக்காரர்கள் சொல்லித் தந்ததுதான். ஊதுபத்தியை வாயால் ஊதி அணைக்காதே. சோற்றில் சாப்பிடும் குச்சியைக் குத்தி நிறுத்தாதே, அது செத்தவர்களுக்கு வைப்பது. அவள் தப்புச் செய்யும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

மகள் ஆதிரைதான் தமிழில் கத்தினாள். "கட்டவெரல மறைம்மா! இங்க அதுக்குப் பேரு அப்பாம்மா வெரலு. பொண வண்டி அதப் பாத்துட்டா அம்மாவக் கூட்டிட்டுப் போயிரும்!"

பிண வண்டி.

அவள் சட்டென்று விரல்களை உள்ளே மடக்கினாள். கொடி கீழே விழுந்தது.

உடனே மூடிவிட்டால் ஒன்றும் ஆகாது என்றாள் சிஹோ. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். பக்கத்தில் நின்ற பையன் இல்லை என்று தலையாட்டினான். வண்டி பார்த்தாயிற்று என்றான்.

சின்னப் பிள்ளைகள் பேச்சு, இதற்குப் போய்ப் பயப்படுவதா என்று அவள் தன்னையே அதட்டிப் பார்த்தாள். நகம் உள்ளங்கையில் பதிய, இன்னும் அழுத்தி மூடினாள்.

சிக்னல் சிவப்பு. வண்டி அவளுக்கு நேர் முன்னால் வந்து நின்றது.

முன் இருக்கையில் அவள் வயதுக்காரன் ஒருவன். மடியில் ஒரு கிழவியின் படம். படத்தின் சட்டத்தின்மேல் அவனுடைய கட்டைவிரல்கள் இரண்டும் வெளியே, அவைபாட்டுக்குக் கிடந்தன.

அவனுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை.

பச்சை விழுந்தது. வண்டி போயிற்று.

போன் அடித்தது.

மூடிய கையாலேயே அதைப் பையிலிருந்து நெம்பி எடுத்தாள். விரல் கணுவால் தள்ளிக் காதில் வைத்தாள்.

அண்ணன்.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முப்பத்தாறு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை.

பிறகு அவன் மூச்சு மட்டும் கேட்டது.

அவள் கை தானாகத் திறந்துகொண்டது.

மற்றப் பிள்ளைகள் விரல்களை உதறிவிட்டுப் பழையபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆதிரை மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். மூடிய இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, இன்னும் இறுக்கினாள்.