இரண்டு அளவு பெரிய ஜாக்கெட்

2017 பெப்ரவரி 15, புதன்கிழமை. சுவிட்சர்லாந்து, வாலிஸ் மாநிலம். ஒரு பனிச்சறுக்கு மலையில், கம்பிவடத்தில் ஓடும் நாற்காலி லிஃப்ட் முற்பகல் 11.20க்கு நின்றது.

ஆறாவது தூணைத் தாண்டி நின்ற நாற்காலியில் அவள் இருந்தாள். ஒரு கை இரும்பைச் சுற்றியிருந்தது. மறு கையில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டி.

ஜாக்கெட்டுக்குள் மகள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

ஆரபி. ஏழு வயது. இருபத்திரண்டு கிலோ.

கீழே எட்டு மீட்டர்.

ஏறியதும் விழாமல் தடுக்கும் முன் கம்பியை இறக்கியிருக்க வேண்டும். அவள் இறக்கவில்லை. மகளின் விரல்கள் ஜாக்கெட்டின் கைக்குள் எங்கோ காணாமல் போயிருந்தன. அவற்றைத் தேடி வெளியே எடுத்து, கையுறை மாட்டிவிடக் குனிந்தாள். தூணில் நாற்காலி குலுங்கியது.

அவ்வளவுதான்.

பழைய ஸ்கீ உடுப்புகள் விற்கும் மண்டபத்தில் அந்த ஜாக்கெட்டை எடுத்தவள் அவள்தான். கணவன் பாலேந்திரன் அதை விரித்துப் பார்த்துச் சிரித்தான்.

“இதுக்குள்ள நானும் சேர்ந்து பூரலாம் போல கிடக்கு.”

“வளருற பிள்ளையப்பா. வாற வருஷமும் போடலாம். பேசாம வாங்கோ.”

மலையைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். மூன்று கிழமை கைப்பேசியில் தேடினாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான நீலக் கோட்டுச் சரிவுகள் நிறைய இருக்க வேண்டும். அறையில் சோறு வைக்க அடுப்பு வேண்டும். விடுமுறை முடிந்து வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து எங்கே போனோம் என்று சொல்லும்போது, ஆரபிக்கும் சொல்ல ஒரு மலையின் பெயர் வேண்டும்.

நேற்று ஆரபி ஐந்து தடவை விழுந்தாள். ஆறாவது தடவை விழாமல் அடிவாரம் வரை வந்தாள். அங்கே நின்று தாயைப் பார்த்தாள்.

“அம்மா, நீங்கள் கோழி மாதிரி நடக்கிறீங்கள்.”

பாலேந்திரன் சிரித்த சிரிப்பில் கைப்பேசி பனிக்குள் விழுந்தது.

அறைக்கு வந்ததும் பிள்ளைக்குத் தூக்கத்தில் கண் சொக்கியது. நனைந்த மேற்சட்டையைக் கழற்ற, கையைத் தூக்கு என்றாள். ஆரபி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நேரே உயர்த்தினாள். சட்டை கழன்று வருவதற்குள் உறங்கிவிட்டாள்.

அது நேற்று.

இன்று நல்ல வெயில். வேர்க்கிறது என்றாள் ஆரபி. ஜாக்கெட்டின் ஜிப்பை முழுவதும் திறந்துவிட்டிருந்தாள். இப்போது ஜாக்கெட் அவளைத் தாங்கியது இரண்டு அக்குள்களில் மட்டும்.

கீழே ஆட்கள் ஓடி வந்தார்கள். சரிவின் ஓரத்தில் கட்டியிருந்த செம்மஞ்சள் வலையைப் பிடுங்கி விரித்தார்கள். ஐந்து பேர்.

ஆறாவதாக ஒருவன் விழுந்தெழும்பி வந்தான். ஸ்கீ பழகாதவன். படம் எடுக்கக் கீழே நின்றவன். சாதாரணச் சப்பாத்தோடு முழங்கால் புதையும் பனியில் ஏறி வந்து ஒரு மூலையைப் பிடித்தான்.

சிவப்பு உடுப்புப் போட்ட மீட்புப் பணியாளர் அண்ணாந்து கத்தினார்.

“லோஸ்லாஸன்!”

விடு என்று அர்த்தம்.

அவளுக்குத் தெரியாத சொல் அல்ல. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு காலையும் அவள் சொல்லும் ஜெர்மன் சொல். கட்டில் கம்பியை இறுகப் பற்றியிருக்கும் கிழவிகளிடம் சொல்வாள். பயப்படாதீர்கள், நான் பிடித்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்வாள். சிலர் விடுவார்கள். சிலருக்கு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

“விடுமப்பா!” பாலேந்திரனின் குரல். “வலை இருக்கு. நான் பிடிச்சிருக்கிறன். விடும்!”

அவள் விரல்களுக்குச் சொன்னாள்.

அவை கேட்கவில்லை.

ஆரபியின் இடது தோள் நழுவியது. ஒரு கை மட்டும் கழன்றால் பிள்ளை சுழன்று பக்கவாட்டில் விழுவாள். வலை அந்தப் பக்கம் எட்டாது. அங்கே பனிக்கு மேலே பாறை தெரிந்தது.

“அம்மா.”

ஹெல்மெட் மட்டுமே தெரிந்தது. முகம் தெரியவில்லை.

“அம்மா, வழுக்குது.”

கீழே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு மொழியிலும் ஒரே சொல்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். படுக்கைக்கு அனுப்பும் முன் பேசும் குரல்.

“ஆரபி. கண்ணை மூடு.”

கம்பிவடம் முனகியது.

“கையைத் தூக்கு. ரெண்டு கையும்.”

11.24க்குப் பிள்ளை வலையில் விழுந்தது. இடது கணுக்காலில் சுளுக்கு. வேறு காயம் இல்லை.

லிஃப்ட் 11.50க்கு மீண்டும் ஓடியது. மேல் நிலையத்தில் அவளை இறக்கிய பணியாளர், அவள் கையிலிருந்த ஜாக்கெட்டை வாங்கப் பார்த்தார். அதே சொல்லை மெதுவாகச் சொன்னார்.

விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.