ஒரு கூடை கரி

வாவிக்கரையில் இருந்த அந்தச் சின்ன நிலக்கரி மின்நிலையத்துக்குள் சுலோஜனா பதறியடித்து ஓடிவந்தாள். வவுணதீவில் மின்சாரம் நின்றதும் அவள் கணவன் நல்லரத்தினத்தின் ஒட்சிசன் இயந்திரமும் நின்றுவிட்டது. இரவல் வாங்கிய சிலிண்டர் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

"எங்கட லைனை மட்டும் போட்டுவிடுங்க ஐயா. மனிசன் மூச்சடைச்சுச் செத்துப்போவார்."

பொறியியலாளர் மதுரன் கையை விரித்தான். "கப்பல் வரல்ல அக்கா. முற்றத்தில ஒரு கூடை கரியும் இல்ல. எதை எரிச்சுக் கரண்ட் எடுக்கிற?"

"மறுகா எப்ப வரும்?"

"ரெண்டு நாளாகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்களேன்."

"கட்டில் இல்லையெண்டுதானே மெசினைத் தந்து வீட்டுக்கு அனுப்பினவங்க!"

"நெஞ்சு இவ்வளவு பழுதாக, சுருட்டுக் குடிக்கிறவரோ?"

"கையாலயும் தொட்டதில்ல." அவள் பையிலிருந்த கணவனின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை உருவி அவன் மேசையில் வைத்தாள்.

"சாரன் துண்டால மூக்கைக் கட்டிக்கிட்டு, இருவது வருசம் உங்கட முற்றத்திலதான் கரி சுமந்தவர். இதுக்குள்ள ரெண்டு கூடையாவது கிடக்கும் ஐயா. அதை எடுத்தாவது எரிங்க."