அப்பாவின் அட்சதை

கல்யாணத்தை லைவாக அனுப்ப வந்த ஜெபராஜ், கேமரா வயரை என்கோடர் பெட்டியில் செருகினார். காலையிலிருந்து முரண்டு பிடித்த, படத்தை இணையத்தில் ஏற்றும் கிளவுட் கேட்வே ஒருவழியாக இணைந்து, பச்சை விளக்கு எரிந்தது. காலி மணவறையை அதற்குள் எங்கிருந்தோ ஒருவர் லைவில் பார்த்துக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

“ஷார்ஜாவுல எங்க அப்பா,” என்றாள், தலைநிறையப் பூவோடு எட்டிப் பார்த்த மணப்பெண் தமயந்தி. “இப்பவே கையில அட்சதையோட உக்காந்திருப்பாரு.”

“இங்க நடக்கறது அங்க அரை நிமிஷம் கழிச்சுத்தாம்மா தெரியும்,” என்றார் ஜெபராஜ்.

முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. நாலா பக்கமிருந்தும் அட்சதை விழுந்து ஓய்ந்தது. தமயந்தி மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“போதும்மா, நிமிரு,” என்றார் ஐயர்.

“இருங்க சாமி. அப்பாவோடது இன்னும் வந்து சேரல.”

நிமிர்ந்திருந்த மாப்பிள்ளை மறுபடியும் குனிந்தான்.