ராணியா, பூவா?

"ராணியோட பேருன்னு நீங்க சொல்றீங்க. பூவோட பேருன்னு அம்மா சொல்றாங்க. ரெண்டுல எதுப்பா நிஜம்?"

மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்பா வாய்க்குள் போட்ட கவளத்தை மென்று விழுங்க மறந்தார். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

பெலூமா. பத்து வருஷமாக அந்த வீட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய பெயர். வெளியே யாரிடம் சொன்னாலும், "என்ன பேரு?" என்று இன்னொரு தடவை கேட்பார்கள். அப்பா வேலை செய்யும் பழக்கிடங்கின் காவல்காரர் ஒருவர்தான் எடுத்த எடுப்பில் சரியாகச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் அதைப் 'பலூன்' என்று சுருக்கிவிட்டார்கள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால், கடைசி பெஞ்சில் ஒருத்தன் வாயாலேயே 'டப்' என்று வெடிப்பான்.

அவரவர் பெயர் வந்த கதையை நாளைக்கு வகுப்பில் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. பெயரை ஒரு பெரிய அட்டையில் எழுதியும் கொண்டுபோக வேண்டும்.

"நிஜம் என்னன்னா..." அப்பா தண்ணீர் குடித்து நேரம் சம்பாதித்தார். "அது ஒரு ராணியோட பேரு. அந்த ராணி ஞாபகமாத்தான் பூவுக்கும் அந்தப் பேரை வெச்சாங்க."

"அதேதான்!" அம்மா தாவிப் பிடித்துக்கொண்டாள். "அவரு ராணியில ஆரம்பிச்சாரு, நான் பூவுல ஆரம்பிச்சேன். அவ்ளோதான் வித்தியாசம்."

"எந்த ஊரு ராணி?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

லாரியிலிருந்து பழப்பெட்டி இறக்குவதுதான் அப்பாவின் வேலை. கடலுக்கு அந்தப் பக்கம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அங்கிருந்து பழம் வரும் என்பது மட்டுமே.

"போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கம்னு சொன்னீங்க."

"மலையைத் தாண்டினா கடல்தானே?"

"ராணிகிட்ட எத்தனை குதிரை இருந்துச்சு?"

"நாலு."

"போன வருஷம் ரெண்டு."

"ஒரு வருஷத்துல குட்டி போட்டிருக்காதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகள் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்கப்பா. நாளைக்கு இந்தக் கதை எடுபடலேன்னா என் பேரை மாத்திடணும். சின்னதா, யாரும் திரும்பக் கேக்காத பேரா வெச்சுடுங்க."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பாவுக்குச் சுருக்கென்றது. முதன்முதலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வீறிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவர் அப்பா ஆனார். அந்தப் பெயரை எப்படி மாற்றுவது?

"கதையெல்லாம் நல்லா எடுபடும். நீ போய் எழுது," என்றார்.

"எழுத அட்டை வேணுமே. பரண் மேல ஒரு பெட்டி இருக்குல்ல, சுவத்தைப் பாத்துத் திருப்பி வெச்சது? அதுல ஒரு பக்கம் வெட்டிக் குடுங்க."

"அதைத் தொடாதே!"

இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"பழைய துணி வெச்சிருக்கேன்," என்றாள் அம்மா.

"எலி இருக்கு," என்றார் அப்பா.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, எலி துணி மாத்திக்கட்டும்," என்று சொல்லி உள்ளே போனாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அட்டை வாங்கக் கிளம்பினார். அம்மா வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"சொல்லிடலாமாங்க? விவரம் தெரியிற வயசு."

"தாங்குவாளா? இது முடியட்டும், பாத்துக்கலாம்."

"இதையேதான் வருஷா வருஷம் சொல்றீங்க."

மறுநாள் பிற்பகல் அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நின்றார். மகள் அட்டையை மார்போடு அணைத்தபடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னாச்சு? எடுபட்டுதா?"

"குதிரை வந்ததுமே எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்கப்பா. அந்த 'டப்' இருக்கான்ல, அவன் பேருக்கும் ஒரு ராணி வேணுமாம். அழாத குறைதான்."

"அப்போ பேரை மாத்த வேணாமே?"

"வேணாம்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளைப் பின்னால் உட்கார வைத்து மிதிக்க ஆரம்பித்தார். ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் மனசு உறுத்தியது. வகுப்பே நம்பிய பொய்யை இவளும் நம்பிக்கொண்டிருக்கிறாளே! முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவருக்கு என்றைக்குமே வராது. முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிடலாம்.

"கண்ணு... உன் பேரு வந்து... நிஜமா அது..."

பின்னாலிருந்து மகளின் கை அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

"தெரியும்பா. பரண்ல இருக்கிற ஆப்பிள் பெட்டியில அச்சடிச்சிருக்கிற பேரு. கிடங்கு வாசல்ல என்னை அதுலதான் போட்டுட்டுப் போயிருந்தாங்களாம். காவல்கார மாமா ரெண்டாங்கிளாஸ்லயே சொல்லிட்டாரு."

சைக்கிள் நின்றுவிட்டது. அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"தெரிஞ்சுமா வருஷா வருஷம் எங்களை அந்தக் கேள்வி கேட்டே?"

"பெட்டியில போட்டவங்க எனக்கு ஒரு பேருகூட வைக்கலை, நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் ஒரு ராஜ்ஜியமே குடுக்கிறீங்க, அதைக் கேக்கத்தான்," என்று அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள் மகள். "அடுத்த வருஷம் ராணிக்கு ஒரு கப்பல் வாங்கிடுங்கப்பா."